கதவைச் சாத்திக்கொண்டு மிதித்த மாசி மாதம்

இதை எழுத நான்கு பங்குனி தயங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அம்மனுக்குப் பொங்கல் வைத்து வீடு திரும்பிய கையோடு நோட்டை எடுப்பேன். இரண்டு வரியில் பேனா நின்றுவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் உடற்பயிற்சி செய்த கதையை யாரிடம் சொல்வது என்ற வெட்கம் ஒரு பக்கம். எதிர்வீட்டு அக்காவைப் பற்றியும் எழுத வேண்டி வருமே, அவர் மனம் நோகுமே என்ற பயம் ஒரு பக்கம். போன வாரம் அந்த அக்காவே வாசலில் நின்று, "எழுதணும்னா எழுதுய்யா. என்னையப் பத்தியும் உள்ளதை உள்ளபடி எழுது. கூட்டிக் குறைச்சு எழுதினா எனக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டார். இனித் தப்பிக்க வழியில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். நாரணாபுரத்தில் குடியிருக்கிறோம். ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலவையை முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன் போய் மதியத்திற்குள் வந்துவிடுவேன். ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தாள். விருதுநகர் அம்மன் முன்னால் நின்று, "என் மகளுக்கு ஒரு பிள்ளையைக் கொடு தாயே. பிறந்ததும் வருகிற முதல் பங்குனிப் பொங்கலுக்கே உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். ஐப்பசியில் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

தை பிறந்ததும் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரி விருதுநகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என்னென்னவோ சோதித்துவிட்டு, சுகரும் பிரஷரும் ஏறியிருப்பதாகச் சொன்னார்.

"நெஞ்சுக்கு வேலையே குடுக்காம வச்சிருக்கீங்க" என்றார்.

"பங்குனியில அக்கினிச்சட்டி எடுக்கணும் டாக்டர். நேர்ச்சை."

"கையில நெருப்பு, தலைக்கு மேல வெயில், சுத்தி அம்புட்டுக் கூட்டம். இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு நான் சரின்னு சொல்ல மாட்டேன். தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது செய்யுங்க. மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டுங்க. வீட்டுக்குள்ளேயே செய்யலாம். காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. அவர் அறைக்கு வெளியே, நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் விற்கும் கடையின் விளம்பரம் ஒட்டியிருந்தது. "கடைக்காரனும் இவரும் மச்சான் மச்சினனா இருப்பாக" என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ஆமா, ஒங்க சுகரையும் அந்தக் கடைக்காரன்தான் ஏத்திவிட்டான்" என்றாள்.

உடற்பயிற்சி என்றாலே எனக்கு ஆகாது. ஒருமுறை மனுக் கொடுக்கச் சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி நடப்பவர்களைப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. கொஞ்ச தூரம் போய்விட்டு, புறப்பட்ட இடத்துக்கே வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சோம்பல் மட்டும் காரணமில்லை. மருந்து கலக்கும் அறைக்குள் செருப்பில்லாமல், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவோம். தரையில் ரப்பர் சீட்டு. காலை இழுத்து நடக்கக் கூடாது. ஓடக் கூடாது. எதையும் தட்டக் கூடாது, நழுவ விடக் கூடாது. ஒரு உரசல் போதும், அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். இருபத்தாறு வருடம் அப்படியே இருந்து பழகிய உடம்பு இது. வீட்டிலும் நான் நடந்தால் சத்தம் வராது. "பூனையக் கட்டுன மாதிரி இருக்கு, ஒரு மணியாவது கட்டிக்கிடுங்க" என்பாள் என் வீட்டுக்காரி. இந்த உடம்பைப் போய்க் குதி என்றால் எப்படிக் குதிக்கும்?

மகள் போனில் வீடியோக்கள் அனுப்பினாள். ஒன்றில் இறுக்கமாக உடுத்திய ஒரு பெண், கையையும் காலையும் ஒருசேர விரித்துக் குதித்துக்கொண்டே சிரித்தாள். மூச்சு வாங்கும்போது மனிதர் சிரிப்பாரா? அதிலேயே நம்பிக்கை போய்விட்டது. சாமி படத்தைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று நானும் முயன்றேன். கை விரிந்தது. கால் தரையை விட்டு எழும்பவில்லை. மூன்று நாள் பார்த்தேன். "அந்தப் பிள்ளை குதிக்கிது, நீங்க கும்பிடுறீக" என்றாள் வீட்டுக்காரி. அதோடு அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

ஒரு மதியம் அவள் போனில் எதையோ தேடும்போது, முந்தின வருடப் பங்குனிப் பொங்கலில் எடுத்த வீடியோ ஒன்று ஓட ஆரம்பித்தது. கொட்டுச் சத்தமும் உறுமிச் சத்தமும், சட்டி எடுத்து வருகிறவர்களின் "ஆகோ அய்யாகோ" சத்தமும். நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் குதிகால் தானாகத் தரையைத் தட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் தட்டியது.

"அம்மன் கொட்டு கேட்டா எழும்புற காலு, மத்ததுக்கு எழும்பாது. இதைப் போட்டுக்கிட்டு நடங்க" என்றாள்.

எனக்கு அதிலும் சந்தேகம். அம்மனுக்கு அடித்த கொட்டைச் சுகருக்குப் போடலாமா? குற்றமாகிவிடாதா? பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் தனித்தனியாகப் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு. பொதிந்தவள் என் வீட்டுக்காரி. எடுத்தவன் நான். வெள்ளை வந்தது. இரண்டு பொட்டலத்திலுமே வெள்ளையைத்தான் வைத்தாளோ என்று இன்றுவரை எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இன்னொன்றைப் பிரிப்பதற்குள் அவள் அதை வாரி மடியில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. குளித்து விளக்கேற்றி, ஒரு மண்சட்டியில் மணலை நிரப்பி, இரண்டு கையிலும் வேப்பிலையை வைத்து அதன்மேல் சட்டியை ஏந்திக்கொண்டு, கொட்டுக்கு ஏற்ப முன் அறையில் சுற்றிச் சுற்றி மிதித்து நடப்பேன். கல் தரை குதிகாலைக் கடித்தது. பழைய சாமான் கடையில் ஒரு ரப்பர் சீட்டு வாங்கி விரித்தேன். முன் அறைக்கு மட்டும் தகரக் கூரை, நாலு மணிக்கும் அனல் அடிக்கும். அதனால் சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டோம். திருவிழாவில் சட்டி எடுப்பவர் காலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதே மாதிரி வீட்டுக்காரி சுற்றுக்கு ஒரு செம்பு ஊற்றுவாள். அது சுவரடித் தூம்பு வழியாக வெளிச் சாக்கடைக்குப் போய்விடும். சாம்பிராணியும் போடுவாள்.

கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவோம். கொட்டுச் சத்தம் வெளியே கேட்டால் எனக்குச் சாமி வந்துவிட்டதென்று தெரு கூடிவிடும். குறி கேட்க வரிசை நிற்கும். அதற்குப் பயந்து மகள் விட்டுப்போன ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டேன். கொட்டு எனக்கு மட்டும் கேட்கும்.

முதல் நாள் மூன்று சுற்று. பிறகு பத்து. மாசி பிறந்தபோது இருபது நிமிடம் நிற்காமல் நடந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நாலு மணி எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். தரையை ஓங்கி மிதிக்கும் சுகம் எனக்கு அதுவரை தெரியாது. இருபத்தாறு வருடமாக மிதிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் மிதித்தேன்.

மாசி நடுவில் ஒரு நாள். பதினைந்தாவது சுற்றில் கதவு இடிபட்டது. திறந்தால் ஊர் அதிகாரி ஒருவர், இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். ரப்பர் சீட்டு. ஈரச்சாக்கு. மணல். வாளியில் தண்ணீர். சாம்பிராணிப் புகை. என் கால் இரண்டும் மஞ்சள்.

"என்ன வேலை பாக்குறே?"

"கம்பெனியில மருந்து கலக்குறேன் சார்."

"சரியாப் போச்சு. இங்கன எந்த ரகம் போடுறே? லைசென்ஸ் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குள் கள்ளத்தனமாக வெடி செய்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பழி இல்லை. திருடன் என்றால்கூட அவன் வீடு மட்டும்தான் கெடும். வீட்டில் வெடி செய்கிறவனால் தெருவே போகும்.

"சார், அவுகளுக்குச் சுகரு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. நடக்குறாக" என்றாள் வீட்டுக்காரி.

"கதவைச் சாத்திக்கிட்டா? எங்கம்மா போவாரு?"

"எங்கயும் போக மாட்டாக சார். இங்கனயேதான்."

வெளியே ஒருவர் சிரித்தார். ஒரு போலீஸ்காரர் அடுப்படி, பரண், அரிசி டிரம் எல்லாம் துழாவிவிட்டு, மஞ்சள் தண்ணீர்ச் செம்பை மோந்து பார்த்தார். "சார், மஞ்சத்தூளுதான்" என்றார். அதிகாரி நம்பவில்லை. "எங்க, செஞ்சு காட்டு" என்றார்.

தெருவே பார்க்கச் சட்டியை எடுத்தேன். பதற்றத்தில் போனிலிருந்து ஒயர் கழன்றுவிட்டது. கொட்டும் உறுமியும் வீடு அதிர வெளியே வந்தன. நான் மிதித்தேன். இரண்டு சுற்று முடிந்து பார்த்தால், செம்பை மோந்த போலீஸ்காரர் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். போகும்போது என் காதோரம், "அண்ணே, எனக்கும் சுகரு. இதுல குறையுதா?" என்று கேட்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார், ஒன்றுமில்லை என்று. ஆனால் ஊர் எழுதியது வேறு. மறுநாள் காலை வேனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஃபோர்மேன் கூப்பிட்டு, "வீட்டுல வெடிச் சரக்கு புடிச்சாங்களாமே?" என்றார். வெம்பக்கோட்டையிலிருக்கும் என் மச்சானுக்குச் செய்தி போய்ச் சேரும்போது, நான் பிடிபட்டுக் கைவிலங்கோடு நிற்கிறேன். அவர் அழுதுகொண்டே போன் போட்டார்.

நடையை நிறுத்திவிட்டேன். சட்டியைப் பரணில் ஏற்றினேன். காப்புக்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது. ஆனால் என் மனதில் அம்மன் இல்லை, டாக்டர் இல்லை. போலீசுக்குப் போன் போட்டது யார் என்ற ஒன்றே ஓடியது. தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் என்று முடிவு செய்தேன். குழாய்த் தண்ணீர் முறையில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதோடு, ஒரு நாள் "என்னப்பா, மத்தியானமெல்லாம் கதவு சாத்தியே கிடக்கு?" என்று அவர் கேட்டிருந்தார். அது போதாதா? அவர் கடையில் சாமான் வாங்குவதை விட்டேன். தெருவில் எல்லோரும் கேட்க, "தராசுல குறைச்சுப் போடுற ஆளு, போலீஸ்ல கூட்டிச் சொல்லாதா?" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாததையும் சந்தேகப்பட்டேன். உப்பு, சீரகம், தீப்பெட்டி எதுவானாலும் ஒரு மைல் தள்ளியிருந்த வேறு கடைக்கு, கோபத்தில் விறுவிறுவென்று நடந்து போய் வாங்கி வந்தேன். சில நாள் இரண்டு தடவை.

பத்து நாள் போயிருக்கும். எதிர்வீட்டு அக்கா வந்தார். அச்சாபீஸில் தாள் எண்ணும் வேலை பார்ப்பவர். அவருடைய வீட்டுக்காரர் பல வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். ஏதோ ஒரு தெருவில், ஒரு வீட்டுக்குள் களவாக வெடி செய்து வைத்திருந்தார்கள். அதைத் தெரியாமல் கூலிக்குச் சுவர் பூசப் போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு கிண்ணம் போகும். அவர் வீட்டுத் துவையல் இங்கே வரும்.

"தம்பி, சத்தமே காணோமே. விட்டுட்டியா?" என்றார்.

"எதுக்குக்கா, மறுபடி போலீஸ் வரவா?"

அவர் நின்றபடியே சொன்னார். "அன்னைக்குப் போன் போட்டது நான்தான்."

வீட்டுக்காரியின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா நீ என்ன சொல்லுவே? எக்சசைஸ்னு சொல்லுவே. ஒன் மூஞ்சியப் பாத்து எவ நம்புவா?"

அந்த நேரத்திலும் என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"தினம் நாலு மணியானா தொம்மு தொம்முன்னு சத்தம். கதவு சாத்தி. புகை. தூம்புல மஞ்சத் தண்ணி. கந்தகம் கழுவுன தண்ணின்னுதான் நெனைச்சேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஒரு தடவை செத்தேன்யா. எங்க வீட்டு ஆளு போன வீட்டுலயும் இப்படித்தான் சாத்தி வச்சிருந்தாக. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். தெரிஞ்சும் மொகத்தாட்சணைக்காக வாயத் தொறக்கல. அவளை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல. ஒன் வீட்டுக் குழம்பைத் தின்னுட்டு நானும் அவளை மாதிரி இருக்கவா?"

இந்தத் தெருவில் என் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் அவர். நான் சந்தேகப்பட்டதெல்லாம் என் மானத்தைப் பற்றி.

"சட்டியை எறக்குய்யா. பேரனுக்கு நேந்ததை விடக் கூடாது. ஆனா கதவத் தொறந்து வையி. பாட்டையும் வெளியில விடு. என்ன சத்தம்னு தெரிஞ்சா என் நெஞ்சு அடிச்சுக்காது" என்றார்.

அன்று நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தோம். கொட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் பயந்தபடி ஒருத்தி மகளுக்கு எப்போது மாப்பிள்ளை அமையும் என்று குறி கேட்க வந்தாள். "சாமி வரல, சுகருதான் வந்திருக்கு" என்று சொல்லி என் வீட்டுக்காரி அனுப்பி வைத்தாள். அக்கா வேலை முடிந்து வந்து நிலைப்படியில் உட்காருவார். சுற்று எண்ணுவார். நான் பதினெட்டு முடித்தால் பதினாறு என்பார்.

காப்புக்கு முந்தின வாரம் டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு, "தேவலையே, என்ன செஞ்சீங்க?" என்றார். சொன்னேன். நடுவில் பத்து நாள் நிறுத்தியதையும், அந்த நாட்களில் தூரக் கடைக்குப் போனதையும் மறைக்கவில்லை.

"கோவத்துல நடந்ததும் கணக்குல சேருமா டாக்டர்?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"காலுக்குக் கோவம் தெரியாதும்மா" என்றார். வெயிலுக்கு முன் காலையிலேயே எடுக்க வேண்டும், மூச்சு முட்டினால் உடனே சட்டியை இறக்கிவிட வேண்டும், மாத்திரையோடு ஒரு ஆள் கூடவே வர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சரி என்றார். எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரி முந்தின நாளே தனியாக வந்து அவரிடம் அழுதிருப்பாளோ? கேட்டேன். "நான் ஏன் அழுவுறேன்" என்றாள். அது பதில் இல்லை.

பங்குனியில், விடிந்தும் விடியாததுமாகச் சட்டி எடுத்தேன். உண்மையான நெருப்பு, உண்மையான கொட்டு. பாதி வழியில் நெஞ்சு படபடத்தது. அதற்குள் காலில் சில்லென்று மஞ்சள் தண்ணீர் விழுந்தது. குனிந்து ஊற்றியவர் எதிர்வீட்டு அக்கா. "பதினாறுதான் ஆச்சு, நட" என்றார். நடந்தேன். சந்நிதியில் சட்டியை இறக்கி வைக்கும்போது அம்மனிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. பேரன் மகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பலசரக்குக் கடைக்குப் போய் நின்றேன். "அண்ணாச்சி, தப்பா நெனைச்சுட்டேன்" என்றேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "தெரியும். என்ன வேணும்?" என்றார். சீரகம் கேட்டேன். கொஞ்சம் கூடவே போட்டார். ஏன் கூடப் போட்டார் என்று வீடு வரும்வரை யோசித்தேன். அது என் புத்தி.

இப்போதும் நாலு மணிக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பேரன் வந்தால் அவனும் கூடச் சேர்ந்து மிதிப்பான். உடற்பயிற்சி பிடிக்காதவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. எந்தச் சத்தத்துக்கு உங்கள் குதிகால் தானாக எழும்புகிறதோ அதைத் தேடிக்கொள்ளுங்கள். நெஞ்சில் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு இன்னொருவருக்குச் சொல்வீர்கள் என்றால், ஒரு வேண்டுகோள். நாரணாபுரத்திலிருந்து வெம்பக்கோட்டை போவதற்குள் என் கையில் விலங்கு ஏறிவிட்டது. அதனால் இதை இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்குச் சாமி வந்தது என்று சொல்ல வேண்டாம். அக்காவைக் காட்டிக்கொடுத்தவர் என்றும் சொல்ல வேண்டாம். அண்ணாச்சியை நான் ஏசியதையும் விட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அம்மன் பெயரால் கேட்கிறேன், ஒரு சுற்றுக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.